நிக்காஹ் அன்று உன் பக்கத்து இடம்

அன்புள்ள ரியாஸுக்கு,

ஸலாம். நான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உன் அம்மா சிரிக்கிறாள். நெல்பேட்டையிலிருந்து நீ இருக்கிற ஒத்தக்கடைக்கு பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம், இதுக்குப் போய் ஒரு கடுதாசியா என்கிறாள். அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நாம் நேரில் பேசிய லட்சணம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முப்பது வருடமாக மற்றவர்கள் பேசுவதற்கு வசனம் எழுதிச் சாப்பிட்டவன் நான். என் சொந்த வசனத்தை ஒரு தடவை எழுதிப் பார்ப்பதில் எனக்கு வெட்கமில்லை. நீ இதை நிதானமாகப் படி. ஒரே மூச்சில் படித்து முடிக்க வேண்டும் என்று அவசியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ என்ன கேட்டாய் என்பதிலிருந்து தொடங்குகிறேன். இன்னும் பன்னிரண்டு நாளில் உன் நிக்காஹ். நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் கேட்டதும் மாப்பிள்ளை 'கபில்து' என்று, இந்த நிக்காஹை ஒப்புக்கொண்டேன் என்று, சபையறியச் சொல்ல வேண்டும். நம் ஜமாத்தில் அதை மைக்கில்தான் சொல்லச் சொல்வார்கள், திரைக்கு அந்தப் பக்கம் பெண்களோடு உட்கார்ந்திருக்கும் மணப்பெண்ணுக்கும் கேட்க வேண்டுமே. அந்த நேரத்தில் நான் உன் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்றாய். கடைசி வரிசையில் உட்காருங்கள், முடிந்தால் தூணுக்குப் பின்னால் உட்காருங்கள் என்றாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. நீயாகவே சொன்னாய். சொல்லி முடிக்க உனக்கு இரண்டு நிமிடம் பிடித்தது, நான் குறுக்கே பேசவில்லை என்பதை மட்டும் என் கணக்கில் வரவு வைத்துக்கொள்.

"நான் திக்குனதும் எல்லாரும் ஒங்க மொகத்தத்தான் பாப்பாங்க, அத்தா. ஒங்க படத்த நெனச்சுக்குவாங்க. எவனாச்சும் ஒருத்தன் விசிலடிப்பான். அவ அந்தப் பக்கம் ஒக்காந்து கேட்டுக்கிட்டிருப்பா."

இதற்குப் பதிலாக நான் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். 'தப்பு என்னோடது' என்பதுதான் அது. 'த' வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, தாடை இறுகி நின்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். "இப்பக்கூட நடிக்கிறீங்களா, அத்தா" என்றாய். அம்மா போட்ட டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். ரியாஸ், அன்றைக்கு நான் நடிக்கவில்லை. எனக்கும் திக்கும். உனக்கு எந்த வயதில் தொடங்கியதோ கிட்டத்தட்ட அந்த வயதிலிருந்தே எனக்கும் திக்கும். உன் தாத்தாவுக்குப் பிறகு, இந்த உலகத்தில் அது உன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உனக்கும் தெரியும்.

நம்பமாட்டாய். பட்டிமன்றத்தில் மணிக்கணக்காகப் பேசிய மனுசனுக்கு என்ன திக்கல் என்பாய். அதனால் ஆதியிலிருந்து சொல்கிறேன். உன் தாத்தா கைலிக் கடை வைத்திருந்தார் என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடைக்குப் போக வேண்டும். எனக்கு 'ப'வும் 'த'வும் எமன். ஒரு நாள் ஒருவர் வந்து, தம்பி, அந்த மேல் தட்டில் இருப்பது என்ன கலர் என்று கேட்டார். பச்சை. எனக்குப் பச்சை வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார், அத்தா பார்த்துக்கொண்டே இருக்கிறார், என் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. சட்டென்று, "கிளி கலருண்ணே, கடிக்காது, கட்டிக்கலாம்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பாய் மகனுக்கு வாயப் பாருங்கய்யா என்று அத்தாவிடம் சொல்லிவிட்டு இரண்டு கைலியாக எடுத்துக்கொண்டு போனார். என் முதல் ஜோக் அதுதான். பிற்காலத்தில் பேட்டி எடுக்க வந்தவர்கள் எல்லாம், அண்ணே, ஒங்களுக்கு இந்த நகைச்சுவை உணர்வு எங்கேருந்து வந்துச்சு என்று கேட்பார்கள். வானத்தைப் பார்த்து, எல்லாம் மேலே இருக்கிறவன் கொடுத்தது என்பேன். உண்மையில் ஒரு வார்த்தை வராமல் தப்பித்து ஓடியபோது சந்தில் தட்டுப்பட்டது அது.

அன்றிலிருந்து என் தொழிலே ஓடுவதுதான். ஒரு வார்த்தை மாட்டும் என்று தெரிந்தால் அதற்கு முன்பே வேறு வார்த்தைக்கு வண்டியைத் திருப்பிவிடுவேன். பத்து மணி என்று சொல்லாமல் ஒன்பதுக்கு மேல ஒண்ணு என்பேன். தம்பி வராவிட்டால் மாப்ள. பணம் வராவிட்டால் காசு. ஒவ்வொரு வார்த்தைக்கும் இன்னும் மூன்று வார்த்தை மடியில் கட்டிக்கொண்டே அலைந்தேன். எழுத்தாளன் ஆனது அப்படித்தான். இம்புட்டு வார்த்த எப்படிண்ணே தெரியும் என்று கேட்பார்கள். ஒன்றே ஒன்று ஒழுங்காக வந்திருந்தால் மற்றதைத் தேடியிருக்கவே மாட்டேன்.

அடுத்து கண்டுபிடித்தது மிமிக்ரி. இன்னொருவர் குரலில் பேசினால் எனக்குத் திக்காது. ஏன் என்று இன்றுவரை தெரியாது. நானாக இல்லாத வரை நாக்கு எனக்குக் கட்டுப்பட்டது. அலங்காநல்லூர்ப் பக்கம் பொங்கலுக்கு மேடை போட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். வாடிவாசலில் நிற்கிற காளை தன் சொந்தக்காரனிடம், நீ உள்ள போய்ப் பாரு, நான் வெளிய நின்னு கைதட்டுறேன் என்று சொல்வதாக ஒன்று செய்வேன், ஊரே குலுங்கும். பாய்க்கு மாட்டு பாசை தெரியும்டா என்பார்கள். பிறகு பாட்டுக் கச்சேரிகளில் இரண்டு பாட்டுக்கு நடுவே பேசும் வேலை. அப்புறம் நாடகம், பட்டிமன்றம், ரேடியோவில் ஒரு வருடம். மனப்பாடம் செய்ததையும் வேஷம் கட்டியதையும் தவிர வேறெதையும் நான் மைக்கில் பேசியதில்லை. பட்டிமன்றத்தில் நடுவர் திடீரென்று கேள்வி கேட்டால், உடனே என் மாமியார் குரலில் பதில் சொல்லத் தொடங்கிவிடுவேன். சபை சிரிக்கும், நான் தப்பிப்பேன். கைதட்டலுக்கு நடுவே அக்குள் நனைந்திருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

உன் அம்மா கல்யாணமான முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். தூங்கி எழுந்ததும் எனக்கு வேஷம் போட நேரமிருக்காதே. ஒரு நாள் காலையில் தண்ணீர் கேட்டேன், 'த'விலேயே நின்றேன். அவள் செம்பைக் கையில் கொடுத்துவிட்டு, இது எம்புட்டு நாளா இருக்கு என்று மட்டும் கேட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது, என் பிழைப்பே போய்விடும் என்று கெஞ்சினேன். சரி என்றாள். அந்த 'சரி'யை இத்தனை வருடம் காப்பாற்றிவிட்டாள். அதைக் காப்பாற்றியது எனக்குத்தான் நல்லதாகப் போயிற்று, உனக்கு இல்லை. நீ பிறந்தபோது உனக்கு தாரிக் என்று பெயர் வைக்க அவளுக்கு ஆசை. நான் ரியாஸ்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அர்த்தம் நல்லாயிருக்கு, அது இது என்று ஏதேதோ சொன்னேன். என் மகனை நான் திக்காமல் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் காரணம். உன் அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது, அதனால் வாதாடவில்லை.

உனக்கு ஐந்து வயதில் ஒரு நாள், கடலை மிட்டாய் கேட்டு வந்தாய். 'க'வில் நின்றாய். உன் கழுத்து, உன் கண், உன் தாடை எல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. வேறு எந்தத் தகப்பனுக்கும் புரியாதது எனக்குப் புரிந்திருக்க வேண்டும், உன்னைத் தூக்கி மடியில் வைத்து, எனக்கும் இப்படித்தான்டா என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கடலை மிட்டாயா என்று உன் வார்த்தையை முடித்துவைத்தேன். பிறகும் அதையேதான் செய்தேன். மேடையில் இரண்டு நொடி சத்தமில்லாமல் போனால் எனக்குப் பதறும், அந்தப் பதற்றத்தோடேயே உன் ஒவ்வொரு வாக்கியத்தையும் பிடுங்கி முடித்தேன். மெதுவாப் பேசு, மூச்சு விட்டுப் பேசு என்று உபதேசம் வேறு. என்னிடம் என் அத்தா சொன்னதும் அதைத்தான், ஒரு நாள்கூட அது எனக்கு உதவியதில்லை.

உன்னைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப்போகலாம் என்று அம்மா சொன்னபோதெல்லாம், வளர்ந்தா சரியாயிரும் என்று தள்ளிப்போட்டேன். டாக்டர் முதல் கேள்வியாக, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்பார், அதுதான் பயம். கடைசியில் நான் சென்னையில் படப்பிடிப்பில் இருந்தபோது அவளே உன்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கொடுத்த வாக்குக்காக, இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அன்று ராத்திரி போனில் அதைச் சொல்லிவிட்டு அழுதாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் அம்மாவை ஆறுதல்படுத்த ஒரு நடிகர் குரலில் பேசினேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

இப்போது படத்தில் நான் போட்ட விசில் வீரபாண்டி வேஷத்துக்கு வருகிறேன். சென்னையில் நான் செய்யாத வேலை இல்லை. ஏட்டாக ஏழு தடவை, கல்யாணத் தரகராக மூன்று தடவை, பிணமாக ஒரு தடவை நடித்திருக்கிறேன். பிணமாக நடித்த அன்றுதான் நிம்மதியாக இருந்தேன், வசனமே கிடையாது. பெரும்பாலும் காமெடிக் காட்சி எழுதும் வேலைதான். ஒரு படத்துக்கு, திக்குவாய் பஸ் கண்டக்டர் வேண்டும் என்றார் இயக்குநர். ஸ்டாப் பேரைச் சொல்வதற்குள் ஸ்டாப் போய்விடும், அதனால் பொறுமையிழந்து விசில் அடித்துவிடுவான், இதுதான் சங்கதி. எழுதாமல் மறுத்திருக்கலாம். நான் எழுதினேன். நடிக்க வந்த நாலைந்து பேரும், தெரியாதவர்கள் செய்வது போல 'த த த' என்று அடுக்கினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. தொழில்காரனுக்கு வருகிற எரிச்சல் அது, வேறொன்றும் இல்லை. அப்படி இல்லைண்ணே, இப்படி என்று எழுந்து செய்துகாட்டினேன். சத்தமே இல்லாமல் நின்று, கண்ணை மூடி, கழுத்தைத் திருகி. யூனிட்டே சிரித்து உருண்டது. நீங்களே பண்ணுங்க என்றார் இயக்குநர். என் வாழ்க்கையில் நான் நடிக்காமல் செய்த ஒரே வேஷம் அதுதான். பெயர் வாங்கிக் கொடுத்ததும் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு உன் பள்ளிக்கூடத்தில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நீ வகுப்பில் எழுந்து நின்றாலே பின்னால் ஒருவன் விசிலடிப்பான் என்பதை நீ வீட்டில் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை, நான்தான் தெரிந்துகொள்ள முயற்சி செய்யவில்லை. ஆண்டு விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். யாரோ ஒரு ஆசிரியருக்கு, மகனே அப்பாவுக்கு வரவேற்புரை சொன்னால் அழகாக இருக்கும் என்று தோன்றியிருக்கிறது. நீ வெள்ளைச் சட்டையில் மைக்குக்கு முன்னால் வந்து நின்றாய். 'மாண்புமிகு' என்பதில் 'மா' மாட்டிக்கொண்டது. கூட்டத்தில் ஒரு விசில். அப்புறம் நாலு விசில். அரங்கமே சிரித்தது. நான் மேடையில், மாலையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த நொடியில் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். இந்தச் சிரிப்பை உன்மேலிருந்து எடுத்து என்மேல் போட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அடுத்தவன் தடுமாறினால் நாம் புகுந்து சமாளிப்பது மேடைக்காரனுக்கு ரத்தத்தில் ஊறியது. எழுந்து வந்து மைக்கைப் பிடித்து, வீரபாண்டியாக நின்று, திக்கி, விசிலடித்து, 'வண்டி போகட்டும் ரைட்' என்றேன். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆனது. நான் திரும்பிப் பார்த்தபோது நீ மேடையில் இல்லை. உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் வீடு வரும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன், பார். கைதட்டல் வாங்கியவனுக்கு அது யார் தலையில் விழுந்தது என்று பார்க்கத் தோன்றாது.

நீ மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, தலையைத் தூக்காமல், ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அத எங்கிட்டேருந்துதான் எடுத்தீங்களா?" உன் அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் ஆமா என்றேன். பொய் சொன்னேன் ரியாஸ். உன்னிடமிருந்து நான் எடுக்கவில்லை. என்னிடம் இருந்ததைத்தான் எடுத்தேன், உனக்கும் என்னிடமிருந்துதான் வந்தது. ஆனால் பெற்ற பிள்ளையின் குறையைத் திருடி விற்ற கல்நெஞ்சக்காரன் என்று நீ நினைத்தாலும் பரவாயில்லை, திக்குவாயன் என்று மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது என்று இருந்துவிட்டேன். பதினாறு வருடமாக உன்னை அப்படியே நினைக்க விட்டுவைத்தேன். மற்ற எல்லாத் தப்பும் தெரியாமல் செய்தது என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம். அந்த 'ஆமா'வைத் தெரிந்தே சொன்னேன்.

நீ எக்ஸ்ரே எடுக்கும் படிப்பைத் தேர்ந்தெடுத்தபோது, அதிகம் பேச வேண்டிய வேலையில்லை என்றுதான் எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். போன வருடம் எனக்கு நெஞ்சுச் சளி வந்தபோது, கே.கே. நகரில் நீ வேலை பார்க்கும் கிளினிக்குக்கு உனக்குச் சொல்லாமல் வந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா. நீ அவரிடம், மூச்சை இழுங்க, நிறுத்துங்க, விடுங்க என்று சொல்ல வேண்டும். 'மூ'வில் நின்றாய். கதவு பாதி திறந்திருந்தது. நீ வேறு வார்த்தைக்கு ஓடவில்லை. கையால் ஜாடை காட்டி ஒப்பேற்றவும் இல்லை. நின்று, நிதானமாக, அந்த வார்த்தையையே சொல்லி முடித்தாய். அந்த அம்மாவும் காத்திருந்தார், இழுத்தார், விட்டார். நான் எக்ஸ்ரே எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு அறுபது வயதில் இல்லாத தைரியம் உனக்கு இருபத்தேழில் இருப்பதைப் பார்த்துவிட்டு, உன் எதிரில் வந்து நிற்கக் கூச்சமாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் தகப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது எல்லாம் நான் கெடுத்துக்கொண்டதிலிருந்து தெரிந்ததுதான். உன் பெண்டாட்டியைப் பற்றி நாலு பேர் நடுவே சிரிக்கச் சிரிக்கப் பேசாதே. உன் அம்மா பிரியாணிக்குச் செய்யும் கறிப் பருப்பை, அந்தத் தால்ச்சாவை வைத்து, அதில் கறியைத் தேட தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டோம் என்று நான் ஒரு பட்டிமன்றத்தில் பேசினேன். சபை சிரித்தது. அதன் பிறகு அவள் போகிற கல்யாண வீட்டிலெல்லாம் நாத்தனார் முறைக்காரிகள், என்ன மச்சி, கறி கெடச்சிருச்சா என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு வருடம் நம் வீட்டில் தால்ச்சா கிடையாது. பிரியாணியை வெறும் கத்தரிக்காயோடு சாப்பிட்டோமே, நினைவிருக்கிறதா? காரணம் இதுதான். இன்னொன்று, அவளிடம் எதையும் ஒளிக்காதே. ஒளிப்பது ஒரு நாள் வேலை இல்லை, தினமும் காலையில் எழுந்து செய்ய வேண்டிய வேலை, லீவே கிடையாது. உன் வாக்கியத்தை அவள் முடித்துவைக்க வந்தால், வேண்டாம் என்று முதல் வாரமே சொல்லிவிடு. பிறகு சொன்னால் கோபமாகத் தெரியும்.

அவள் விசயத்தில் எனக்குக் கவலை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்கப் போன அன்று நீ பேசத் தொடங்கி நின்றபோது, அவளுடைய தாய்மாமன் ஒருவர் அவசரப்பட்டு உனக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தார். பழைய பழக்கம், என் வாயும் துடித்தது. உள்ளே இருந்து அந்தப் பிள்ளைதான் சொன்னது, "அவரு சொல்லட்டும் மாமு, எனக்கு என்ன பஸ்ஸா போகுது?" நீ சிரித்தாய். நீ திக்கி முடித்துச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இந்தச் சம்பந்தம் அமைய வேண்டும் என்று நான் மனசுக்குள் துஆ கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு உன் அம்மா டீக் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "ஒங்களுக்காக எம்புட்டு வருசமா வாயப் பொத்திக்கிட்டு இருக்கேன். பிள்ள நிக்காஹ் முடியுறதுக்குள்ள நீங்களாச் சொல்லுங்க, இல்ல நான் சொல்லிருவேன்" என்றாள். அவள் மிரட்டியதால்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நீ என்னைப் பார்த்து நடிக்கிறீங்களா என்று கேட்டாயே, அதனால்தான் எழுதுகிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் நானாக உன் முன்னால் நின்றேன், அதுவும் வேஷமாகத்தான் உனக்குத் தெரிந்தது. அதில் உன் குற்றம் ஒன்றும் இல்லை. நான் அப்படிப் பழக்கிவைத்திருக்கிறேன். வயதாக ஆக என் தந்திரங்கள் எல்லாம் தளர்ந்துகொண்டே வருகின்றன. இனி அடிக்கடி மாட்டுவேன், நீ பார்ப்பாய்.

திங்கட்கிழமை ஒரு வேலை செய்தேன். உன் மாமு மகன் மண்டபத்து வாசலில் வைக்க, 'விசில் வீரபாண்டி இல்லத் திருமண விழா' என்று என் கண்டக்டர் படத்தோடு பெரிய ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்திருந்தான். கடைக்குப் போய் நிறுத்திவிட்டேன். அவனுக்கு வருத்தம். என்ன மாமு, இதுதானே ஒங்க கெத்து என்றான். உன் பெயரும் அவள் பெயரும் மட்டும் போட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறேன், என் படம் எங்கேயும் இல்லை.

இனி நீ கேட்டதற்குப் பதில். நீ கடைசி வரிசை என்றால் கடைசி வரிசைதான், தூணுக்குப் பின்னால் என்றால் அங்கேதான். அதில் எனக்கு மனத்தாங்கல் வராது. ஆனால் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன், முடியாது என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு. நிக்காஹ் தொடங்குவதற்கு முன்னால் ஹஜ்ரத்திடம் கேட்டு மைக்கை ஒரு நிமிடம் வாங்கிக்கொள்கிறேன். யார் குரலும் இல்லாமல், மனப்பாடம் செய்யாமல், என் மகனுக்கு இருப்பது எனக்கும் உண்டு, அவனுக்கு என்னிடமிருந்து வந்தது, படத்தில் நீங்கள் பார்த்தது நடிப்பு இல்லை என்று மட்டும் சொல்கிறேன். நிச்சயம் மாட்டுவேன். வீரபாண்டி வந்துவிட்டான் என்று முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிப்பு எவ்வளவு நேரத்தில் அடங்கும் என்பது எனக்குத் தெரிந்த தொழில், அடங்கும் வரை நிற்பேன். அதற்குப் பிறகு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். மதரஸாவில் எல்லோரும் சேர்ந்து ஓதும்போது எனக்கு ஒரு நாளும் திக்கியதில்லை. அதனால் உன்னோடு சேர்ந்து நானும் முணுமுணுத்தால் உனக்குச் சுலபமாக வருமே என்றுகூட ஒரு யோசனை ஓடியது. பிறகு அதை விட்டுவிட்டேன். அதுவும் உன் வாயிலிருந்து பிடுங்குகிற பழைய வேலைதான். அது உன் வார்த்தை. ஒரு நிமிடம் ஆகட்டும், ஐந்து நிமிடம் ஆகட்டும், நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

யோசித்து, போனில் சொல். நீ போன் செய்யும்போதெல்லாம் நான் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாமல், இந்தா அம்மாட்டக் குடுக்கேன் என்று கொடுத்துவிடுவதை நீ எப்படி எடுத்துக்கொண்டிருப்பாய் என்று இப்போது புரிகிறது. முகம் தெரியாத போனில் எனக்கு எல்லா எழுத்தும் 'ப'தான், எல்லா எழுத்தும் 'த'தான், ரியாஸ்கூட வராது. இந்தத் தடவை அம்மாவிடம் கொடுக்க மாட்டேன். நான் எடுத்ததும் உனக்கு ஒரு சத்தமும் கேட்காது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே தம்பி, அத்தா பேசிக்கொண்டுதான் இருப்பேன்.